திருச்சூர் புலிக்களியில் புலியாக நிற்க: மெய்யெழுத்து முதல் வர்ணம் கலைப்பது வரை

நமக்கு மெய்யெழுத்து என்றால் க், ங், ச். திருச்சூரில் மெய்யெழுத்து என்றால் மெய்யின் மேல், அதாவது உடம்பின் மேல், எழுதுவது. அந்தச் சொல்லை முதல் தடவை கேட்டபோது எனக்கு மேனி சிலிர்த்தது. கண்ணுக்கு மை ‘எழுதுவது’ நம் வீட்டுப் பேச்சு. சங்கப் பாடல்களில் பெண்கள் தோளிலும் மார்பிலும் தொய்யில் என்ற கோலம் எழுதிக்கொண்டார்கள். அதே சொல் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி, ஓணத்தின் நான்காம் நாள், ஒரு மனிதனின் தொப்பை மேல் புலிமுகம் வரைவதற்குப் பெயராக உயிரோடு இருக்கிறது. அப்படி உடம்பில் புலி எழுதிக்கொண்டு குழுக்கள் போட்டி போட்டு ஊர்வலமாக ஆடுவதுதான் புலிக்களி.

நான் கோயம்புத்தூர்க்காரன். அக்காவைத் திருச்சூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மாமாவின் பேட்டைக் குழுவில் மூன்று வருடம் புலியாக நின்றிருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஒரே ஒரு விஷயம் மனதில் இருக்கட்டும். பார்ப்பவர்கள் வர்ணம் தீட்டுபவரைத்தான் கலைஞர் என்பார்கள். ஆனால் பத்து மணி நேரத்துக்கு மேல் அந்த வர்ணத்தைச் சுமப்பது நிற்பவனின் உடம்பு. அந்த உடம்பைத் தயார்செய்யாமல் போனால் எவ்வளவு பெரிய ஆசான் எழுதினாலும் மாலைக்குள் புலி கலைந்துவிடும்.

போட்டி எப்படிப்பட்டது

திருவோணத்தை முதல் நாளாக எண்ணி நான்காம் நாள் மாலை புலிகள் இறங்கும். இடம் ஸ்வராஜ் ரவுண்டு. நடுவில் வடக்குநாதர் கோயில், கோயிலைச் சுற்றித் தேக்கின்காடு மைதானம், மைதானத்தைச் சுற்றி இந்தச் சாலை. விய்யூர், ஐயந்தோள், கானாட்டுகரை, பூங்குன்னம், சீதாராம் மில் என்று தேசம் தேசமாகக் குழுக்கள் வரும். ‘தேசம்’ என்றால் அங்கே ஒரு பகுதி, நம் பேச்சில் ஒரு பேட்டை. ஒரு குழுவில் 35 முதல் 51 புலிகள் என்பது சமீப ஆண்டுகளின் கணக்கு. கொச்சி அரசர் சக்தன் தம்புரான் காலத்தில், சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது என்று ஊர் சொல்கிறது.

முக்கியப் பரிசு குழுவுக்குத்தான். புலிவேடம், புலிக்கொட்டு என்கிற மேளம், புலிவண்டி என்கிற அலங்கார வண்டி, ஊர்வலத்தில் காட்டும் ஒழுங்கு என எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். ஆகவே நீங்கள் எவ்வளவு அழகான புலியாக இருந்தாலும், வரிசையை விட்டு ஓடி செல்பி எடுத்துக்கொண்டிருந்தால் ஐம்பது பேரின் உழைப்பையும் கெடுக்கிறீர்கள்.

நம் ஊர்ப் புலியாட்டம் பார்த்தவர்களுக்கு ஒரு வித்தியாசம் சொல்ல வேண்டும். நம் புலி பதுங்கும், பாயும், நாலு காலில் தவழும். திருச்சூர்ப் புலி நிமிர்ந்து நிற்கும், வயிற்றைக் குலுக்கும். உடுக்கும் தகிலும் (நம் தவில்) அடிக்கிற தாளத்துக்கு வயிற்றில் எழுதிய முகம் வாயை அசைக்க வேண்டும். அதற்காகவே எழுதப்படுகிற முகம் அது.

இடம் கேட்பது

கவுன்ட்டரில் போய்ப் பெயர் கொடுக்கும் போட்டி இல்லை இது. தேசக் குழுவில் உங்களுக்குத் தெரிந்த ஒருவர் வேண்டும். ஓணம் ஆகஸ்ட் பிற்பகுதியிலோ செப்டம்பரிலோ வரும். குறைந்தது இரண்டு மாதம் முன்பே பேசிவிடுங்கள். வேடம் கட்ட வருபவரை விட, முந்தைய வருடம் வந்து எடுபிடி வேலை பார்த்தவருக்கு இடம் எளிதில் கிடைக்கும். நானும் முதல் வருடம் வர்ணம் அரைக்கத்தான் போனேன். அதை ஒரு குறையாக நினைக்காதீர்கள். அரைக்கிற இடத்தில்தான் எல்லாம் பிடிபடும்.

பெண்களுக்கும் இப்போது கதவு திறந்திருக்கிறது. 2016-இல் முதல் தடவையாகப் பெண்கள் புலியாக இறங்கினார்கள். போகிற பெண்கள் தங்கள் குழுவில் பெண் எழுத்துக்காரர், மறைவான இடம், உடை ஆகியவற்றைப் பற்றி முன்பே நேராகக் கேட்டுவிட வேண்டும். அன்றைக்குக் காலையில் கேட்டால் யாருக்கும் பதில் சொல்ல நேரம் இருக்காது.

எந்தப் புலி உங்களுக்கு

இதை நீங்கள் முடிவு செய்வதில்லை, உங்கள் வயிறு முடிவு செய்யும். நல்ல தொப்பை உள்ளவர்களைக் குழுக்கள் தேடிப் பிடிக்கும். தொப்பை இருந்தால் வயிற்றில் முகம். மெலிந்த உடம்பென்றால் புள்ளிப்புலி, அதாவது சிறுத்தை, அல்லது கரும்புலி. அகன்ற முதுகு இருந்தால் வரிப்புலி நன்றாக எடுக்கும், வரிகள் ஓட இடம் வேண்டுமே.

தொப்பை இல்லையே என்று இரண்டு மாதத்தில் வயிறு வளர்க்கிற வேலையில் இறங்காதீர்கள். மெலிந்த சிறுத்தை வேகமாக ஆடும். வரிசையில் ஐந்து பெரிய வயிறுகளுக்கு நடுவே ஒரு சிறுத்தை துள்ளினால் கூட்டம் அதைத்தான் பார்க்கும்.

தோலைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்.

புலிக்களியில் பூசுவது முக ஒப்பனைக்கான வர்ணம் இல்லை. டெம்பரா பொடியை வார்னிஷிலோ இனாமல் பெயின்டிலோ குழைத்துப் பூசுகிறார்கள். காரணம் எளிது. சிங்க மாதத்தில் (நம் ஆவணி) மழை வரும், ஆடுபவனுக்கு வியர்வை வரும், தண்ணீர் வர்ணம் அரைமணி நேரம் தாங்காது. ஆனால் இனாமல் கதவுக்கும் கம்பிக்கும் செய்தது, தோலுக்குச் செய்ததில்லை. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பில் ஈயம் கலந்த நிறமிகள் ஒரு காலத்தில் சாதாரணம். வீட்டு பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்று இந்தியாவில் 2016-இல் விதி வந்து 2017 நவம்பரில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. ஆகவே டப்பாவின் லேபிளைப் படியுங்கள். பெயரில்லாத டப்பாவும், பழைய சரக்கும் வேண்டாம் என்று குழுவில் வாய்விட்டுச் சொல்லுங்கள். நான் சொன்ன வருடம் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை, டப்பாவை மாற்றினார்கள்.

இரண்டு வாரம் முன்பே, பூசப்போகிற அதே கலவையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு முழங்கையின் உட்பக்கம் தடவிக் காயவிடுங்கள். சாயங்காலம் எடுத்துவிட்டு 48 மணி நேரம் பாருங்கள். சிவந்தாலோ, அரித்தாலோ, கொப்புளம் கண்டாலோ இந்த வருடம் மேளத்தோடு நடங்கள். சிரங்கு, கரப்பான், ஆறாத புண், ஆஸ்துமா உள்ளவர்களும் இதய நோய்க்கு மருந்து சாப்பிடுபவர்களும் பூசிக்கொள்ள வேண்டாம். பிள்ளைகளுக்கு இனாமல் கூடவே கூடாது. குட்டிப்புலி ஆசை இருந்தால் தண்ணீரில் கழுவுகிற முகவர்ணம் போட்டுப் பத்து நிமிடம் ஆடவிட்டு, படம் எடுத்துக்கொண்டு, கழுவிவிடுங்கள்.

கரும்புலிக்கும் கறுப்பு வரிக்கும் தலைச்சாயத்தையோ ‘கறுப்பு மருதாணி’யையோ யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். அதில் இருக்கும் பி.பி.டி. என்கிற ரசாயனம் சிலருக்குத் தீப்பட்டது போல் தோலைக் கொப்புளமாக்கும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அது வாழ்நாளுக்கும் கூட வரும்.

உங்கள் ஊர்த் திருவிழாவிலோ கல்லூரி விழாவிலோ மூன்று மணி நேரத்தில் முடிகிற உடல் ஓவியப் போட்டி என்றால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. தோலுக்கென்று தயாரித்த தண்ணீர் வர்ணம், ஸ்பான்ஜ், இரண்டு பிரஷ் போதும். பின்னால் வருகிற வயிறு, மூச்சு பற்றிய விஷயங்கள் மட்டும் அப்படியே பொருந்தும்.

முந்தைய இரவு: அரைப்பு

குழு கூடும் இடத்துக்குப் புலிமட என்று பெயர். புலியின் குகை என்று அர்த்தம்; இங்கே மடை என்றே எழுதுகிறேன். முந்தைய இரவே அங்கே அம்மிகள் வரிசையாக வந்துவிடும். பொடியை வார்னிஷ் விட்டு அரைப்பார்கள். பொடி கரகரவென்று இருந்தால் பூசும்போது கோடு விழும், காய்ந்ததும் உதிரும். அரைத்த விழுதில் கொஞ்சம் எடுத்து இரண்டு கட்டைவிரல் நகங்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்ப்பார்கள். மணல் போலத் தட்டுப்பட்டால் மறுபடியும் அம்மிக்கு. வெண்ணெய் போல வழுக்க வேண்டும். எழுபது வயதுத் தாத்தாவும் ஏழாம் வகுப்புப் பையனும் மாறி மாறிக் குழவியைத் தள்ளுகிற அந்த இரவு, எனக்கு மறுநாள் ஊர்வலத்தை விடப் பிடித்தமானது.

நீங்கள் புலியாக நிற்கப்போகிறவரென்றால் பத்து மணிக்கு மேல் அங்கே இருக்காதீர்கள். போய்த் தூங்குங்கள். உடம்பு முடியை அன்று மாலையே மழித்துவிடுங்கள். முடி இருந்தால் பிரஷ் இழுபடும், வர்ணத்தை எடுக்கும்போது வேரோடு வரும். விடியற்காலையில் மழித்த தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கும், அதில் வார்னிஷ் பட்டால் எரிச்சல் தாங்காது. பலர் அன்றைக்குக் காலையில்தான் மழிக்கிறார்கள். நானும் ஒரு வருடம் அப்படிச் செய்துவிட்டு மதியம் வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மறுநாள் காலை எண்ணெய் தேய்த்துக் குளிக்கவும் வேண்டாம், வர்ணம் பிடிக்காது.

மெய்யெழுத்து

விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். ஐந்து மணிக்கு முன் இரண்டு இட்லியோ ஒரு குத்துப் புட்டோ சாப்பிட்டு, கழிப்பறை போய்விட்டு வந்து நில்லுங்கள். இதற்குப் பிறகு உட்கார முடியாது, சாய முடியாது, கையை உடம்போடு ஒட்டவும் முடியாது. மூங்கிலைக் குறுக்கே கட்டி வைத்திருப்பார்கள். கையை விரித்து அதன் மேல் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும்.

முதல் பூச்சு அடித்தளம். முதுகில் அடர்ந்த மஞ்சள் அல்லது ஆரஞ்சு, விலாவுக்கு வரும்போது வெளிர் மஞ்சள், வயிற்றில் வெள்ளை. நிஜப் புலிக்கும் அடிவயிறு வெள்ளைதானே. இப்போது பச்சைப் புலி, நீலப் புலி, ஊதாப் புலி எல்லாம் வருகின்றன. பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது. எனக்கு மஞ்சளை விட்டு மனசு நகரவில்லை. இந்தப் பூச்சு காய இரண்டு மூன்று மணி நேரமாகும். மடையில் மின்விசிறி வைத்திருப்பார்கள். அதன் நேர் எதிரே நிற்க ஆசைப்படாதீர்கள். முன்பக்கம் மட்டும் காய்ந்து இறுகும், பக்கவாட்டில் ஈரம் நிற்கும். அரை அடி அரை அடியாகத் திரும்பிக்கொண்டே இருங்கள்.

காய்கிற நேரம்தான் கஷ்டமான நேரம். வார்னிஷ் இழுக்கும், மூக்கில் நெடி ஏறும், முழங்கால் கடுக்கும். முட்டியை விறைப்பாகப் பூட்டி நிற்காதீர்கள், ரத்தம் காலில் தங்கித் தலை சுற்றும். குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். மணிக்கு ஒரு டம்ளராவது தண்ணீரோ மோரோ ஸ்ட்ரா வைத்துக் குடியுங்கள். யாராவது ஊட்டிவிடுவார்கள், வெட்கப்படாமல் வாயைத் திறங்கள். ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும். மடைக்குள் பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் கூடாது, வார்னிஷ் ஆவி பற்றிக்கொள்ளும்.

இரண்டாம் பூச்சில்தான் புலி வரும். வரி, புள்ளி, மயிர், கடைசியில் வயிற்று முகம். கண்கள் மேல்வயிற்றில், மூக்கு அதற்குக் கீழே, தொப்புள் வாய்க்குள் விழும்படி எழுதுவது வழக்கம். அப்போதுதான் குதிக்கும்போது வாய் திறந்து மூடுவது போல் இருக்கும். கண் எழுதும் நேரம் ஆசான் எல்லாரையும் பேச்சை நிறுத்தச் சொல்வார். “அனங்காதெ நில்லு” என்று ஒரு அதட்டல், அசையாமல் நில் என்று. மெல்லிய பிரஷில் கறுப்பு எடுத்து, இடது கையின் சுண்டு விரலை மட்டும் என் விலாவில் ஊன்றி, ஒரே இழுப்பில் மேல் இமையை எழுதுவார். குளிர்ந்த புழு ஒன்று ஊர்ந்து போவது போல் இருக்கும்.

இங்கேதான் நான் புலியாக நின்ற முதல் வருடம் தப்புச் செய்தேன். சுற்றிலும் ஆட்கள் பார்க்கிறார்கள் என்ற கூச்சத்தில் வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டேன். ஆசானும் அந்த வயிற்றில் எழுதி முடித்தார். மூச்சை விட்டதும் ஒரு கண் கீழே சரிந்து, புலி தூக்கக் கலக்கத்தில் இருப்பது போலாகிவிட்டது. ஆசான் ஒன்றும் திட்டவில்லை. வெள்ளையை எடுத்து அந்தக் கண்ணை அழித்துவிட்டு, “வயறு நின்டேதல்ல இப்போ, புலியுடேதாணு” என்றார். இப்போது இந்த வயிறு உன்னுடையது இல்லை, புலியுடையது என்று அர்த்தம். அது காய இன்னும் ஒரு மணி நேரம் போனது. எனக்குப் பின்னால் நின்ற இருவருக்கும் தாமதமானது. ஆகவே வயிற்றைத் தளர்த்தி, பாதி மூச்சில் நில்லுங்கள். கோடு இழுக்கும் அந்த இரண்டு மூன்று நொடி மட்டும் மூச்சை நிறுத்துங்கள். தோள் கூனாமல் இருக்கட்டும், நீங்கள் ஆடப்போகிற நிலை எதுவோ அந்த நிலையில் நில்லுங்கள்.

எல்லாம் முடிய ஐந்து முதல் ஏழு மணி நேரம். கடைசியில் முகமூடியும், இடுப்பில் கட்டும் மணிப்பட்டையான அரைமணியும். முகமூடியை முன்கூட்டியே ஒருநாள் போட்டு நடந்து பாருங்கள். கண் துளை சரியாக இல்லையென்றால் சாலையில் முன்னால் போகிற புலியின் வாலை மிதிப்பீர்கள். காய்ந்த வர்ணத்தின் மேல் மணிப்பட்டை உரசும் இடத்தில் ஒரு பருத்தித் துணிப் பட்டையைச் சுற்றிக்கொண்டால் இடுப்பு பிழைக்கும்.

சாலையில்

உடம்பு முழுக்கப் பூசினால் தோல் மூச்சுவிட முடியாமல் ஆள் செத்துவிடுவான் என்று ஒரு பயம் எல்லா ஊரிலும் உண்டு. நாம் மூச்சுவிடுவது நுரையீரலால், தோலால் இல்லை. உண்மையான ஆபத்து வேறு. வர்ணத்துக்கு அடியில் வியர்வை ஆவியாக முடியாது, உடம்புச் சூடு இறங்காது. கூடவே ஆட்டம், முகமூடி, நெரிசல்.

அதனால் நான் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்வேன். உள்ளங்காலையும் உள்ளங்கையையும் அக்குளையும் பூசாமல் விடச் சொல்வேன். யார் கண்ணுக்கும் தெரியாது. முதுகு நனைய ஒருவர் கூடவே தண்ணீர்ப் பாட்டிலோடு நடக்கட்டும், இனாமல் நனைந்தால் கெடாது. உப்பு சர்க்கரைக் கரைசல் இரண்டு பாக்கெட் அவர் பையில் இருக்கட்டும். தலைசுற்றல், வாந்தி, உளறல் என்று ஏதாவது தெரிந்தால் முகமூடியைக் கழற்றி, நிழலுக்குக் கொண்டுபோய், ஈரத்துணியால் கழுத்தையும் அக்குளையும் குளிரவைத்து, மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். பக்கத்தில் இருக்கிற புலியைப் பார்த்துக்கொள்வது உங்கள் வேலையும்தான்.

மதியத்துக்கு மேல் மடையிலிருந்து கிளம்பி, நடுவிலால் கணபதி முன் தேங்காய் உடைத்துவிட்டு ரவுண்டில் இறங்குவார்கள். கால் வெறுங்கால். தொடக்கத்திலேயே முழு வேகத்தில் ஆடிவிடாதீர்கள், இரவு வரை ஆட வேண்டும். மேளத்தை விட அரை மாத்திரை பின்னால் வயிறு விழுந்தால்தான் முகம் கடிப்பது போல் தெரியும். இதை எழுத்தில் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். வீட்டில் கண்ணாடி முன் நின்று, முழங்காலை லேசாக மடித்து, மேல் உடம்பை நிறுத்தி, குதிகாலை மட்டும் தட்டிப் பாருங்கள், வயிறு தானாகத் தாமதித்து விழும். நடுவர்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று குழுத் தலைவருக்குத் தெரியும். அவர் கை காட்டும் இடத்தில் வரிசை சிதறாமல், எல்லா வயிறும் ஒரே தாளத்தில் விழ வேண்டும்.

வர்ணத்தை எடுப்பது

இரவு பத்து மணிக்கு அசதியில் எல்லாரும் மண்ணெண்ணெய்த் துணியை எடுத்து உடம்பெல்லாம் தேய்ப்பார்கள். அது சீக்கிரம் எடுக்கும், தோலையும் சேர்த்து எரிக்கும். நான் செய்வது இது. அரை லிட்டர் தேங்காய் எண்ணெயை வெதுவெதுப்பாக்கி உடம்பு முழுக்க ஊறத் தடவி அரைமணி நேரம் விடுவேன். இனாமல் ஓரங்களில் சுருண்டு கிளம்பும். பழைய வேட்டித் துணியால், மயிர் வளரும் திசையிலேயே துடைப்பேன். மறுபடி எண்ணெய், மறுபடி துணி. மூன்று நான்கு சுற்றில் பெரும்பகுதி வந்துவிடும். வராத திட்டுக்கு மட்டும் துணி நுனியில் நாலு சொட்டு மண்ணெண்ணெய், உடனே சோப்புத் தண்ணீர். முகத்துக்கும், கண்ணுக்கு அருகிலும், மறைவிடத்திலும், கீறல் உள்ள இடத்திலும் மண்ணெண்ணெய் படவே கூடாது. அந்தத் துணிகளைச் சுருட்டிச் சமையலறை மூலையில் போடாதீர்கள், வெளியே விரித்துப் போடுங்கள். கடைசியில் பயத்தமாவு போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் குளியல். தேங்காய் நார், பீர்க்கங்கூடு எதுவும் வேண்டாம், அன்றைக்குத் தோல் தாங்காது.

காது மடலுக்குப் பின்னாலும் நகக்கண்ணிலும் மஞ்சள் நாலைந்து நாள் இருக்கும். சுரண்டாதீர்கள், தோல் தானாகவே தள்ளிவிடும். மறுநாள் முகமூடியையும் அரைமணியையும் துடைத்துக் காயவைத்து மடையில் திருப்பிக் கொடுக்கும்போது, அடுத்த வருடத்துக்கு எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு வாருங்கள்.